சத்தத்தில் ஆட்டம் பார்த்தவர்

என் மாமனார் உயிரோடு இருந்தவரை டென்னிஸ் மட்டை எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மட்டையில் கட்டியிருக்கும் நரம்பு ஆட்டுக் குடலில் செய்தது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அது உண்மையும்கூட. நாங்கள் மேல்சித்தாமூரைச் சேர்ந்த சமணக் குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்காதவர்கள். அந்த வீட்டு ஒரே பிள்ளை ஆட்டுக் குடலைக் கையில் பிடித்துப் பிழைக்கிறான் என்பது மாமனாருக்குக் கடைசிவரை ஆறாத சங்கடம். ஆனால் அவர் சண்டை போடவில்லை. “அது வெளியவே இருக்கட்டும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறை செஞ்சிக்கு வரும்போதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த வாடகை சைக்கிள் கடையில் மட்டையைக் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவார். திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்வார்.

அவர் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் டென்னிஸ் கோச். அந்தக் கல்லூரியிலேயே படித்தார், அங்கேயே ஆடினார், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலை. கல்லூரிகளுக்கு நடுவில் நடக்கும் போட்டியின் கேடயம் வருஷா வருஷம் அவருடைய பசங்களிடமே இருந்தது. மற்றக் கல்லூரிக்காரர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள் என்று ஒரு கேலிப் பேச்சே உண்டாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அவர் சொன்னதில்லை. ஜெயித்த வருஷத்தில் ஊருக்கு வந்தாலும் தோற்ற வருஷத்தில் வந்தாலும், “ஆட்டம் இன்னாச்சு?” என்று கேட்டால், “முடிஞ்சுது” என்பார்.

நான் செஞ்சியில் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கல்லூரியில் அவருக்குக் கொடுத்தது ஹாஸ்டலில் ஒரு அறை. குடும்பத்தோடு இருக்க இடமில்லை. மாமியார் போனபின் மாமனார் முட்டி வலியோடு என்னிடம் வந்துவிட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆக, நான் இங்கே, அவர் அங்கே. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். கார்த்திகை பிறந்தால் போட்டிக் காலம், மாசி முடியும்வரை அதுவும் கிடையாது. கணக்குப் பார்த்தால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து மூன்று வருஷம் தேறினால் அதிகம்.

அவர் வேலை செய்வதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அறுபத்தொன்றில், மெட்ராஸில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் டென்னிஸ் கோர்ட்டுக்கு வரச் சொன்னார். ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கோச் என்றால் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் கத்தவே இல்லை. பசங்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அவர் கோட்டுக்குப் பின்னால் மெதுவாக நடந்துகொண்டே இருந்தார். நெட்டையாக ஒரு இடதுகைப் பையன் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தான் போலிருக்கிறது. அவர் அவன் பக்கத்தில் போய் மண்ணில் மண்டியிட்டு, அவனுடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் அதற்குப் பிறகு அடித்த பந்தின் சத்தமே வேறாக இருந்தது. எனக்கே தெரிந்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னை அவர் அப்படிக் கவனித்து எங்கேயும் நகர்த்தி வைத்ததில்லை என்று தோன்றியது. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

வெளிச்சம் போகும்வரை ஆட்டம் நடந்தது. அதற்குப் பிறகு ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணி ஏழரை இருக்கும். தட்டில் உப்புமாவைப் போட்டு வைத்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தார். பொழுதோடு ஆட்டம் முடிகிற தொழிலில் இருப்பவர் பொழுதுக்குள் எப்படிச் சாப்பிட முடியும்? இத்தனை வருஷம் எனக்கு அது யோசனையில் வரவே இல்லை. நான் சாப்பிடவில்லை. குற்றமும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து மாமனாரிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்கு வந்தபோதுதான் முதலில் கவனித்தேன். அவருடைய இடது பக்கம் தண்ணீர்ச் செம்பை வைத்தால் எடுக்கமாட்டார். “தண்ணி வெக்கலயா?” என்பார். சந்தையில் நடக்கும்போது பக்கவாட்டில் வந்த வேர்க்கடலை வண்டி மாடு அவர் தோளை உரசியபிறகுதான் திடுக்கிட்டு விலகினார். தெரிந்தவர்கள் எதிர்ச்சாரியில் நின்று வணக்கம் வைத்தால் பேசாமல் போய்விடுவார். மெட்ராஸ் போய் ஆளே மாறிவிட்டான் என்று ஊரில் பேச்சு வந்தது. நான் ஜாடையாகக் கேட்டதற்கு, தூக்கம் சரியில்லை என்றார். அந்த விடுமுறை முழுக்க அவர் வலது தோளைக் கதவு நிலையில் நாலு முறை இடித்துக்கொண்டார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மறு வருஷம் நானே லீவு போட்டு மெட்ராஸ் போய், அவரைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வயசானவர், நிதானமாகப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, ஓரத்துப் பார்வைதான் முதலில் போகும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும், பிறகு அதுவும் குறையும் என்றார். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச நாள் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். ஒரு நாலு வருஷம் இருக்கும் என்று இவர் சொன்னார். என்னிடம் சொல்லாத நாலு வருஷம். அவர் மண்டியிட்டு அந்தப் பையனின் காலை நகர்த்தி வைத்ததை நான் பார்த்த சாயங்காலமும் அதற்குள் அடக்கம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், கண் சரியாகத் தெரியாமல் எப்படிப் பசங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள் என்று. பந்து மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம், ஓரத்தில் பட்டால் ஒரு சத்தம், கால் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் மண்ணில் ஒரு சத்தம், வராவிட்டால் வேறு சத்தம் என்று சொன்னார். பாதி ஆட்டத்தைக் காதால்தான் பார்க்கிறேன் என்றார். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னதுபோல் இருந்தது. பிறகு, “நைனாகிட்ட சொல்லாத. காலேஜிலயும் யாருக்கும் தெரியாது” என்றார்.

சொட்டு மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குத் திரும்பினார். அந்த வருஷமும் கேடயம் அவர்களுக்குத்தான்.

அறுபத்தைந்து மாசி மாதம், வெயில் ஏற ஆரம்பித்த ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் இருந்தன. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். மாமனார் எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேலைய விட்டுட்டேன்” என்றார். கண்ணுக்காகவா என்று கேட்டேன். பிரின்சிபாலோடு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னார். கேடயம் என்னாச்சு என்று கேட்டேன். வாங்கிவிட்டோம் என்றார். வாங்கிய வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு செஞ்சியில் அவருக்குச் செய்ய எதுவும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கோர்ட் போடலாம் என்று முதல் மாதம் ஒரு யோசனை சொன்னார். பையன்கள் பள்ளி ஹெட்மாஸ்டரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். மைதானத்தில் குடிதண்ணீருக்கே கிணறு வற்றிக்கிடக்கிறது, கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்க எங்கே போவது என்றார். நான் வந்து சொன்னேன். இவர் தலையாட்டினார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. காலையில் குளிப்பார், சாப்பிடுவார், ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவார். மலைப்பாறைகளின் சூடு மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் இறங்கும். அப்போதும் அங்கேயே இருப்பார். நாளுக்கு நாள் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் செய்தித்தாள் போனது. பிறகு என் முகம். போனது என்று அவர் சொல்லவில்லை. நான் சேலை மாற்றிக்கொண்டு எதிரில் நின்றாலும், பேசாமல் நின்றால், அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. அப்படித் தெரிந்துகொண்டேன்.

மாமனாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். “அந்த மட்டைய வேணும்னா உள்ள கொண்டாந்து வெச்சுக்கச் சொல்லும்மா” என்றார். எண்பது வயசில் அந்த மனுஷர் அதைச் சொல்ல எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் போய் இவரிடம் சொன்னேன். “வேணாம். அந்த சைக்கிள் கடையிலயே கெடக்கட்டும்” என்றார். மாமனார் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கடுத்த தை மாதம் அவர் இறந்துபோனார். அதுவரை அப்பாவும் பிள்ளையும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. இருபது வருஷப் பசங்கள், எத்தனையோ பேர் பெரிய வேலைகளில் இருந்தார்கள். ஒருவர் மட்டும் வந்தார். நான் கோர்ட்டில் பார்த்த அந்த நெட்டை இடதுகைப் பையன்தான். திண்டிவனத்துக்கு ஒரு பெரிய அதிகாரியாக மாற்றலாகி வந்திருந்தார். சார் செஞ்சியில் இருப்பது தெரிந்து ஜீப்பில் தேடி வந்துவிட்டார். வீட்டுக்குள் குனிந்து வந்து இவர் காலைத் தொட்டார். இவர் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, சரியாக அவர் முகம் இருந்த திசையைப் பார்த்தே பேசினார். வந்தவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் அதிகாரிகள் கிளப்பில் ஒரு கோர்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஆடப்போகிறேன், சார் வந்து பார்க்கவேண்டும், நாலு வருஷமாக என் ஆட்டத்தைத் திருத்த ஆளில்லை என்றார். இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கச் சொல்லிப் போட்டுக்கொண்டார். தெருவில் அவர் என் கையைப் பிடிக்கமாட்டார். நான் அரை அடி முன்னால் நடக்கவேண்டும், என் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வருவார். அப்படியே கிளப்வரை போனோம். இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். படி வரும் இடத்தில் மட்டும் நான், “படி” என்று வாய்க்குள் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கும் முன் அந்த அதிகாரி என் பக்கம் வந்து, இவர் கொஞ்சம் தள்ளி தாசில்தாரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சார் வேலையை விட்ட கதை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“கடைசி ஃபைனல் அன்னைக்கு நான் லீவு போட்டு மேட்ச் பாக்க வந்திருந்தேம்மா. ஜெயிச்சதும் பிரின்சிபால் சார்கிட்ட வந்து கையை நீட்டினார். நீட்டினபடியே நிக்கிறார், எல்லாரும் பாக்கிறாங்க. சார் திரும்பிக்கூடப் பாக்கலை. நேரா பசங்ககிட்ட போயிட்டார். ஜெயிச்சு ஜெயிச்சுத் தலைக்கனம்னு பிரின்சிபால் கூட்டம் போட்டுப் பேசினார். விளக்கம் கேட்டு எழுதினாங்க. சார் ஒரு வரி விளக்கம் சொல்லலை. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துட்டார். அந்தத் தைரியம் எங்க யாருக்கும் வராது.”

“பிரின்சிபால் எந்தப் பக்கம் நின்னாரு?” என்று கேட்டேன்.

“இடது பக்கம். ஏம்மா?”

“சும்மாதான் கேட்டேன்.”

அவர் சிரித்துவிட்டு ஆடப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பிரின்சிபாலே கட்டிப்பிடித்து அழுதிருப்பார், மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் அதற்குத் தலைக்கனம் பிடித்தவன் என்ற பேரே தேவலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதனால்தான் ஒருத்தரும் வரவில்லை. வந்த ஒருத்தரும் நடக்காத ஒரு தைரியத்துக்காக வந்திருக்கிறார். நான் எழுந்து போய் அந்த அதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது.

ஒரு மணி நேரம் ஆடினார்கள். இவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். முடிந்ததும் அந்த அதிகாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவ்வளவு பெரிய ஆள், கை கட்டி நின்றார்.

“எப்படி இருந்தது சார்?”

“நல்லா இருந்தது. ரொம்ப நல்லா இருந்தது.”

அந்த அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் சார் வாயால் இதைக் கேட்டதே இல்லை என்று தாசில்தாரிடம் சொன்னார். ஜீப்பில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். இவர் நடந்தே போகிறோம் என்றார்.

சிங்கவரம் ரோடு திரும்பும் இடம்வரை நடந்தோம். அங்கே அவர் நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

“அவன் ஆட்டம் போயிடுச்சு. கால் வந்து சேரல, எல்லாம் ஓரத்துல பட்டுது” என்றார்.

“பின்ன ஏன் நல்லா இருந்துதுன்னு சொன்னீங்க?”

“தப்புன்னு சொன்னா எங்க தப்புன்னு காட்டணும். எழுந்து போயிக் காட்டணும்.” வெள்ளைச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “நட” என்றார்.

நடந்தோம். அந்த அதிகாரி அதற்கப்புறம் இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அறுபத்தெட்டில் ஒரு முறை ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். செய்வதற்கு முன் வெளிச்சம் இருட்டு தெரிந்துகொண்டிருந்தது. செய்தபின் அதுவும் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தார். எந்த ஊர் வருகிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண் தெரியவில்லை என்ற வார்த்தையே எங்களுக்கு இடையில் இல்லை. நான் சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பேன், துணியை எடுத்துத் தருவேன், ஷேவிங்குக்கு நாவிதரைக் கூப்பிடுவேன். ஏன் என்று இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குக் கண் தெரியாது என்று ஒரு தடவை அவர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்க முடியும். அவர் சொல்லாததால் நான் அழாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் பாதி வழியில் என் செருப்பு அறுந்துபோனது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தேன். பாதிப் பகல் விடுமுறை, மணி மூன்றுகூட ஆகவில்லை. வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“யாருங்க?” என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதையான குரல், அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை.

“டீச்சர் இன்னும் வரலைங்க. நாலரைக்கு வந்துடுவாங்க. உள்ள வாங்க. நாற்காலி எங்க இருக்குதுன்னு பாத்து நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க. எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். மழை வரும்போல இருக்குது என்று சொல்கிற மாதிரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது வாயைத் திறந்தால் அவர் சொன்னது என்னிடம் என்று ஆகிவிடும். அந்த அவமானத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து படி இறங்கித் தெருக்கோடிக்குப் போனேன். ஒரு வேப்பமரத்தடியில் நின்று, அறுந்த வாரில் ஊக்கைக் குத்தி, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுச் சத்தம் போட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

“வந்துட்டியா?” என்றார்.

“வந்துட்டேன்.”

“யாரோ வந்து நின்னாங்க. பேசல. போயிட்டாங்க.”

பள்ளிக்கூட விஷயமாக யாராவது வந்திருப்பார்கள் என்றேன். அவர் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். அந்த ஒன்பது வருஷத்திலும் அந்த வார்த்தையை என்னிடம் சொல்லவில்லை.